கையால் சுற்றும் காபி கிரைண்டர் வாங்குவது எப்படி: போர்-ஓவருக்கு ஒரு கணக்கு, எஸ்பிரெஸோவுக்கு வேறு கணக்கு

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற கூரியர் பையன் பெட்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். "அண்ணாச்சி, கிரைண்டர்னு போட்டிருக்கு, இம்புட்டு லேசா இருக்கு? கல்லை வைக்க மறந்துட்டானுவளோ?" அவன் மேல் தப்பில்லை. இந்தப் பக்கம் கிரைண்டர் என்றால் இட்லிக்கு மாவு ஆட்டுவதுதான். பெட்டிக்குள் இருந்தது ஒரு சாண் உயர உருளை, அதன் தலையில் ஒரு கைப்பிடி. அவ்வளவுதான்.

ஆனால் கையால் காபிக்கொட்டை அரைப்பது நமக்குப் புதிதில்லை. கல்லிடைக்குறிச்சியில் ஆச்சி வீட்டு அடுக்களை ஜன்னலோரம் ஒரு மரப்பலகையில் திருகி வைத்த காபி மில் இருந்தது. மேலே கிண்ணம், பக்கவாட்டில் நீளக் கைப்பிடி. வறுத்த கொட்டையைப் போட்டுச் சுற்றினால் கடகடவென்று தெருவுக்கே கேட்கும். அதன் முன்பக்கம் ஒரு திருகு உண்டு. அதை மட்டும் யாரும் தொடக்கூடாது. தொட்டால், "ஏலே, கையை எடு, பதம் மாறிரும்லா" என்று சத்தம் வரும். வீட்டில் ஒரே பித்தளை ஃபில்டர், அதற்கு ஒரே பதம். திருகை நகர்த்த வேண்டிய அவசியமே வரவில்லை.

இன்று நாம் காசு கொடுத்து வாங்குவது அந்தத் திருகைத்தான். கிரைண்டரின் விலையில் பெரும்பங்கு, அந்தத் திருகு எவ்வளவு சின்னச் சின்னதாக நகரும், நகர்த்திய இடத்தில் ஆடாமல் நிற்குமா என்பதற்குப் போகிறது. காகித வடிகட்டியில் பொடி போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றி வடிக்கும் போர்-ஓவருக்கு அது ஓரளவு இருந்தால் போதும். மெஷின் அழுத்தத்தில் இறக்கும் எஸ்பிரெஸோவுக்கு அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில்: நாளைக் காலையில் என்ன குடிப்பீர்கள்?

கடை கடையாக விலை பார்ப்பதற்கு முன்னால் இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். "எல்லாமே போடுவேன்" என்பது பதில் ஆகாது. என் நண்பர்களில் பாதிப் பேர் அப்படிச் சொல்லித்தான் வாங்கினார்கள். இப்போது தினமும் போடுவது ஒன்றே ஒன்று.

வீட்டில் ஐந்து பேருக்கும் காலையும் மாலையும் பால் கலந்த ஃபில்டர் காபிதான் என்றால், தயவுசெய்து கைக் கிரைண்டரை அதற்காக வாங்காதீர்கள். ஒரு தடவைக்கு 20 முதல் 35 கிராம் வரைதான் இவற்றில் கொட்டை பிடிக்கும். ஐந்து பேர் டிகாஷனுக்கு இரண்டு மூன்று தடவை நிரப்பிச் சுற்ற வேண்டும். நான்காம் நாள் கை வலிக்கும், ஐந்தாம் நாள் பரணில் ஏறிவிடும். அதற்கு வழக்கமான காபி அரவைக் கடையே மேல். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

தனக்காக ஒரு கோப்பை, பால் இல்லாமல், கொட்டையின் வாசனை தெரிய வேண்டும் என்று நினைப்பவருக்குத்தான் கைக் கிரைண்டர். பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் இரண்டு கோப்பை.

பதம்: அடுக்களைப் பொருட்களை வைத்துப் புரிந்துகொள்வது

புத்தகங்களில் மைக்ரான் கணக்கு சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன். ஆனால் விரலுக்கு மைக்ரான் தெரியாது, ரவை தெரியும்.

போர்-ஓவர் பதம் என்பது கிட்டத்தட்ட பம்பாய் ரவை. சீனியைவிடச் சற்று நைஸ், பொடி உப்பைவிடச் சற்றுக் கொரகொரப்பு. நம் பித்தளை, எவர்சில்வர் ஃபில்டருக்கு அதைவிட நைஸாக, பொடி உப்பு போல. எஸ்பிரெஸோ அதற்கும் கீழே: விரலிடுக்கில் தேய்த்தால் கோலப்பொடி போல லேசாக நெருட வேண்டும், மைதா போல வழுக்கிவிடக் கூடாது. கிள்ளி எடுத்தால் கட்டியாக ஒட்டி நிற்கும்.

இந்த வித்தியாசம் எதற்கு? போர்-ஓவரில் கூம்புக்குள் காகிதம் போட்டு, பொடி மேல் சுடுதண்ணீர் ஊற்றுகிறோம். தண்ணீர் தன் எடையில் தானே இறங்குகிறது. 15 கிராம் பொடிக்கு 240 அல்லது 250 மில்லி தண்ணீர், இரண்டரை முதல் மூன்றரை நிமிடம். பதம் கொஞ்சம் முன்னே பின்னே போனால் பத்துப் பதினைந்து வினாடி மாறும், சுவையும் லேசாக மாறும். ஊற்றும் வேகத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

எஸ்பிரெஸோவில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 9 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஒன்பது மடங்கு அழுத்தத்தில் பொடிக்குள் தள்ளப்படுகிறது. 18 கிராம் பொடியில் 36 கிராம் காபி, 25 முதல் 30 வினாடிக்குள் இறங்க வேண்டும் என்பது பலரும் தொடங்கும் கணக்கு. அந்த வேகத்தைக் கட்டுப்படுத்தும் குழாய் எது? பொடிதான். பொடி கொஞ்சம் கொரகொரப்பானால் தண்ணீர் வாய்க்காலில் போவது போலப் பாய்ந்துவிடும், காபி புளிக்கும். கொஞ்சம் நைஸானால் சொட்டுக்கூட இறங்காமல் மெஷின் முனகும்.

கிளிக் கணக்கு: இங்கேதான் பணம் போகிறது

எந்தக் கைக் கிரைண்டரிலும் ஒரு வளையம் அல்லது சக்கரம் இருக்கும். அதைத் திருப்பினால் "டிக், டிக்" என்று படிப்படியாக நகரும். ஒவ்வொரு கிளிக்குக்கும் உள்ளே இருக்கும் இரண்டு அரவைப் பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி மாறுகிறது. இந்தப் பற்களைத்தான் பர் என்கிறார்கள்.

ஜெர்மனியின் கமாண்டன்டே சி40 மாடலில் ஒரு கிளிக்குக்கு ஏறக்குறைய 30 மைக்ரான். கிங்ரைண்டர் கே6 மாடலில் 16. ஒன்-இசட்பிரஸ்ஸோவின் ஜேஎக்ஸ்-ப்ரோவில் 12.5, அதே கம்பெனியின் ஜே-அல்ட்ராவில் 8. இந்த எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டாம். சிலர் நடுத்தண்டு மேலும் கீழும் நகரும் தூரத்தைச் சொல்கிறார்கள், சிலர் சரிந்த சுவர்களுக்கு இடையிலான இடைவெளியைச் சொல்கிறார்கள். ஆனாலும் ஒரு திசை புரியும்: எண் சிறிதானால் எஸ்பிரெஸோவுக்கு வசதி.

நான் முதலில் வாங்கியது ஒவ்வொரு கிளிக்கின் படியும் பெரிதாக இருந்த ஒன்று. போர்-ஓவருக்கு அருமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டு எஸ்பிரெஸோ மெஷினில் அதை வைத்துப் பார்த்தோம். ஒரு கிளிக்கில் 17 வினாடியில் காபி ஓடி முடிந்தது. ஒரே ஒரு கிளிக் இறுக்கினோம். அடுத்தது 45 வினாடி தாண்டியும் சொட்டு சொட்டாகவே வந்தது. நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில், அந்த இடத்தில் கிளிக்கே கிடையாது. பொடியின் எடையைக் கூட்டிக் குறைத்து மத்தியானம் வரை போராடினோம். கடைசியில் நண்பர் மனைவி ஃபில்டர் காபி போட்டுக் கொடுத்தார்.

ஆகவே எஸ்பிரெஸோ தினமும் போடப்போகிறவர் 20 மைக்ரானுக்குக் கீழே படி உள்ளதைப் பாருங்கள், 10 பக்கம் இருந்தால் இன்னும் நிம்மதி. போர்-ஓவர் மட்டும் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள். 25, 30, அதற்கு மேல் இருந்தாலும் குறை தெரியாது. படி ரொம்பச் சின்னதாக இருந்தால் போர்-ஓவரில் அது தொல்லைதான்: பதம் மாற்ற இருபது கிளிக் எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

பர்: இரும்பா, பீங்கானா?

2,000 ரூபாய்க்குள் கிடைப்பவற்றில் பெரும்பாலும் பீங்கான் பர். துருப்பிடிக்காது, தண்ணீரில் கழுவலாம். ஆனால் கொட்டையை வெட்டுவதைவிட நசுக்குவதே அதிகம். அதனால் பெரிய துண்டும் மாவும் கலந்து வரும். அந்த மாவு கூடுதலாகக் கசப்பை இறக்கும், பெரிய துண்டு புளிப்பை விட்டுவைக்கும். ஒரே கோப்பையில் இரண்டும் தெரியும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. களத்தில் காயவைத்த கொட்டையில் எப்போதாவது சின்னக் கல் வரும். பெட்டியில் "எஸ்பிரெஸோ முதல் எல்லாவற்றுக்கும்" என்று அச்சிட்டிருந்த ஒரு பீங்கான் கிரைண்டர் என்னிடம் எட்டு மாதம் இருந்தது. ஒரு நாள் "டக்" என்று ஒரு சத்தம், கைப்பிடி நின்றது. பிரித்தால் பரின் ஓரத்தில் ஒரு பல் உடைந்திருந்தது, கல் அப்படியே இருந்தது. அன்று முதல் அரிசி களைவது போலக் கொட்டையையும் தட்டில் பரப்பி ஒரு பார்வை பார்க்கிறேன். இரும்பு பருக்கும் கல் ஆகாதுதான், அதற்காக உடனே உடைந்துவிடாது.

எனவே எஃகு பர், கூம்பு வடிவம். அளவில் இரண்டு வகை அதிகம்: 38 மில்லிமீட்டர், 48 மில்லிமீட்டர். டைம்மோர் சி2 போன்றவை 38. போர்-ஓவருக்கு அது தாராளம். அதில் 15 கிராம் அரைக்க ஒரு நிமிடம் பக்கம் ஆகும். 48-இல் அதே வேலை பாதி நேரத்தில் முடியும். எஸ்பிரெஸோ பதத்துக்கு 38-இல் 18 கிராம் சுற்றுவது சின்ன உடற்பயிற்சி. அதுவும் லேசாக வறுத்த கொட்டை கல் மாதிரி இருக்கும். கிரைண்டரை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு சுற்றும் நிலைமை வரும். கை மெலிந்தவர்கள், மணிக்கட்டு வலி உள்ளவர்கள் 48-க்குக் கீழே போக வேண்டாம்.

விலையைத் தோராயமாகச் சொன்னால், நல்ல எஃகு 38 வகை 4,000 முதல் 7,000 ரூபாய்க்குள் அடங்கும். எஸ்பிரெஸோவுக்கு ஏற்ற 48 வகை 10,000-ஐ ஒட்டியோ தாண்டியோ போகும்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய சோதனை

நம் ஊரில் கடையில் வைத்துச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு குறைவு. ஆகவே பெட்டி வந்த அன்றே பார்த்துவிடுங்கள், திருப்பி அனுப்பும் நாள் கடந்துவிடக் கூடாது.

கொட்டை போடாமல், நடுத்தண்டை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். லொடலொடவென்று ஆடினால் அது சுற்றும்போதும் ஆடும். ஒரு பக்கம் நைஸாகவும் மறுபக்கம் கொரகொரப்பாகவும் விழும். மேலும் கீழும் இரண்டு பேரிங் வைத்துத் தண்டைப் பிடித்திருக்கும் மாடல்கள் இதில் உறுதி.

அடுத்து பூஜ்யம் கண்டுபிடியுங்கள். வளையத்தை மெதுவாக இறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கைப்பிடி தானாகச் சுழலாமல் நிற்கும். பர்கள் தொட்டுக்கொள்ளும் இடம் அதுதான். அதற்கு மேல் பலம் போட்டு இறுக்காதீர்கள். அங்கிருந்துதான் கிளிக் எண்ண வேண்டும்.

பிறகு 15 கிராம் போர்-ஓவர் பதத்தில் அரைத்து, அடுக்களையில் மாவு சலிக்கும் நைஸ் சல்லடையில் ஒரு நிமிடம் சலியுங்கள். கீழே விழுந்த மாவைத் தராசில் வையுங்கள். இந்த எண்ணுக்குச் சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் இதே சல்லடையில் பழைய மிக்ஸிப் பொடியையும் சலித்துப் பக்கத்தில் வைத்தால் எதற்குப் பணம் கொடுத்தோம் என்று கண்ணுக்குத் தெரியும். மிக்ஸியில் அரைத்தது பாதி மாவாகவும் பாதி நொய்யாகவும் கிடக்கும்.

உங்கள் எஸ்பிரெஸோ மெஷின் எந்த வகை?

பலரும் இதைப் பார்க்காமல் ஏமாறுகிறார்கள். குறைந்த விலை மெஷின்களில் வரும் வடிகட்டிக் கூடையின் அடியில் ஒரே ஒரு சின்னத் துளைதான் இருக்கும். உள்ளே ஆயிரம் துளை, வெளியே ஒன்று. அழுத்தத்தை அந்தத் துளையே உண்டாக்கிவிடும். பொடியின் பதம் அங்கே அவ்வளவாகப் பேசாது. அப்படிப்பட்ட கூடைக்காக விலை கூடிய கிரைண்டர் வாங்குவது குருவி தலையில் பனங்காய். அடிப்பக்கம் முழுக்கத் துளை தெரியும் கூடையோ, கையால் அழுத்தும் லீவர் மெஷினோ இருந்தால்தான் சின்னப் படி தேவை.

அடுப்பில் வைத்துக் காபி இறக்கும் மோகா பாத்திரம் வைத்திருப்பவர்கள் அதை எஸ்பிரெஸோ என்று நினைத்துக்கொள்வதுண்டு. அதில் வருவது ஓரிரு பார் அழுத்தம்தான். ஃபில்டர் பதத்தை ஒட்டிய அரவை போதும், 38 எஃகு பர் போதும்.

இரண்டுக்கும் ஒன்றே போதுமா?

போதும், ஆனால் தினமும் மாற்றி மாற்றிப் போட்டால் அலுத்துவிடும். காலையில் எஸ்பிரெஸோ, மாலையில் போர்-ஓவர் என்றால் தினம் இரண்டு தடவை ஐம்பது அறுபது கிளிக் முன்னும் பின்னும். எஸ்பிரெஸோவுக்குத் திரும்பி வரும்போது நேற்றைய இடத்தில் அச்சாக நிற்க வேண்டும். ஒன்று தவறினால் ஒரு கோப்பை வீண். பரைக் கழற்றி உள்ளே கைவிட்டுத் திருப்பும் மாடலாக இருந்தால் இன்னும் எரிச்சல். வெளியில் எண்களோடு வளையம் உள்ளது இதற்கு நல்லது.

என் கணக்கு இது. எஸ்பிரெஸோதான் முக்கியம், வாரத்தில் ஒரு நாள் போர்-ஓவர் என்றால் வெளி வளையமும் சின்னப் படியும் உள்ள ஒரு 48. போர்-ஓவர்தான் முக்கியம் என்றால் 38 எஃகு. மிச்சப் பணத்தை நல்ல கொட்டைக்கும், 0.1 கிராம் காட்டும் தராசுக்கும் கொடுங்கள். இரண்டும் தினமும் என்றால் இரண்டு கிரைண்டர். வீட்டில் கேள்வி வரும், பதில் தயார் செய்துகொள்ளுங்கள்.

முதல் வாரம்

கொட்டை வாங்கும்போது கடையில், "அரைக்க வேண்டாம், கொட்டையாவே குடுங்க" என்று சொல்லுங்கள். ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை. வறுத்த தேதி கேளுங்கள். நம் பக்கத்துக் கடைகளில் பீபெர்ரி, பிளான்டேஷன் ஏ என்ற கொட்டை வகைகள் எளிதாகக் கிடைக்கும், ஃபில்டருக்கென்று சற்றுக் கருக்கலாகவே வறுத்திருப்பார்கள். அது எஸ்பிரெஸோவுக்கு நன்றாகப் பொருந்தும். போர்-ஓவருக்கு நடுத்தர வறுவலோ அதைவிட லேசானதோ தேடுங்கள். எஸ்பிரெஸோவுக்கு வறுத்த மறுநாளே போட வேண்டாம், ஒரு வாரம் விட்டால் கொட்டைக்குள் இருக்கும் காற்று அடங்கி, காபி நிதானமாக இறங்கும்.

போர்-ஓவருக்கு டைம்மோர் சி2 என்றால் பூஜ்யத்திலிருந்து 20 கிளிக் பக்கம் தொடங்கலாம், கமாண்டன்டே என்றால் 25 பக்கம். தண்ணீர் கொதித்து அடங்கியதும் ஊற்றுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் வடிந்து, காபி வெளுத்துப் புளித்தால் இரண்டு கிளிக் இறுக்குங்கள். நான்கு நிமிடம் தாண்டி, நாக்கில் துவர்ப்பு நின்றால் இரண்டு தளர்த்துங்கள். எஸ்பிரெஸோவுக்குப் பொடியின் எடையையும் அதைக் கூடையில் அழுத்தும் பலத்தையும் மாற்றாமல், ஒவ்வொரு கிளிக்காக மட்டும் நகர்த்துங்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது செய்த வேலை என்று தெரியாது.

எவ்வளவு நகர்த்தியும் சுவை தட்டையாகவே இருந்தால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். எங்கள் தெருவில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வரும் நாளில் பிடித்து வைத்துப் போட்டால் அதே கொட்டை வேறு காபி ஆகிவிடுகிறது. இரண்டு மாதம் கிரைண்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம்.

இதே கிரைண்டரில் ஒரு நாள் ஃபில்டருக்கும் அரைக்க ஆசை வரும். சிக்கரி சேர்க்காத பொடி என்றால் கடைப் பொடியைவிட நைஸாக அரைக்க வேண்டியிருக்கும். சிக்கரிதான் ஊறி உப்பித் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. அது இல்லாவிட்டால் டிகாஷன் சடசடவென்று இறங்கி நீர்த்துவிடும்.

ஆடிக் காற்றும் சாரலும்

ஆனி ஆடியில் பாளையங்கோட்டையில் வறண்ட காற்று அள்ளி வீசும். அந்த நாட்களில் அரைத்த பொடி கிரைண்டர் சுவரிலும் விரலிலும் ஒட்டிப் பறக்கும். நிலை மின்சாரம்தான் காரணம். கொட்டையை எடை போட்ட பிறகு, ஈர விரலால் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு, குலுக்கிவிட்டு அரையுங்கள். ஒட்டுவது நின்றுவிடும். வெறும் கைவைத்தியம் என்றுதான் நினைத்திருந்தேன். 2023 கடைசியில் ஒரேகான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எரிமலைச் சாம்பலின் மின்னூட்டத்தை ஆராய்பவர்களோடு சேர்ந்து இதை அளந்து, ஈரம் மின்னூட்டத்தைக் குறைக்கிறது என்று கட்டுரை வெளியிட்டார்கள். சொட்டு என்றால் சொட்டுதான். கொட்டை நனைந்தால் பரில் சேறு கட்டும்.

தென்காசி, குற்றாலம் பக்கம் இருப்பவர்களுக்கு அதே மாதங்களில் தொல்லை தலைகீழ். சாரல் ஈரத்தில் அரைத்த பொடி சீக்கிரம் நமுத்துக் கட்டி தட்டும். சொட்டுத் தண்ணீர் வேண்டாம். குடிக்கும் நேரத்துக்கு மட்டும் அரையுங்கள்.

எஃகு பரைத் தண்ணீரில் கழுவாதீர்கள். வாரம் ஒரு முறை சின்ன பிரஷால் தட்டினால் போதும், மாதம் ஒரு முறை கழற்றி உலர்ந்த துணியால் துடையுங்கள். கருக வறுத்த எண்ணெய்க் கொட்டை போட்டால் இன்னும் அடிக்கடி. அரிசி போட்டுச் சுத்தம் செய்யச் சிலர் சொல்வார்கள். பச்சரிசி காபிக்கொட்டையைவிடக் கடினம், கைக் கிரைண்டருக்கு அந்த வேலை வேண்டாம். சிக்கரியை ஒருபோதும் உள்ளே போடாதீர்கள். அரைத்த பிறகு வெளியில் கலந்துகொள்ளுங்கள். கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் பூஜ்யம் ஒன்றிரண்டு கிளிக் நகர்ந்திருக்கும். மறுபடி எண்ணி, காபி டப்பா மூடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.